காபியும் எலும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் எலும்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அடுத்த வார்த்தை பெரும்பாலும் காபிதான். குடிப்பதா, விடுவதா என்ற குழப்பத்தில் பலர் காபியை மட்டும் நிறுத்திவிட்டு, எலும்புக்கு உண்மையிலேயே தேவையானதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அது நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கேள்வி-பதில்கள். நம் வீடுகளில் குடிக்கும் டிகாக்‌ஷன் காபியை மனத்தில் வைத்து எழுதியது.

காபி குடித்தால் எலும்பு பலவீனமாகுமா?

ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று டம்ளர் பால் காபி குடிக்கிறீர்கள், சாப்பாட்டிலும் கால்சியம் போதுமான அளவு இருக்கிறது என்றால், கவலைப்பட வேண்டியதில்லை. சாப்பாட்டில் கால்சியம் குறைவு, காபி மட்டும் நாலைந்து தடவை என்றால் கொஞ்சம் பாதிப்பு உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது இன்னும் சற்றுக் கூடும். ஆக, காபியை எண்ணும் முன்னால் தட்டைப் பாருங்கள்.

காபி உடம்பிலிருக்கும் கால்சியத்தை வெளியேற்றிவிடும் என்கிறார்களே?

வெளியேற்றுவது உண்மைதான். எவ்வளவு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. காபியில் உள்ள காஃபின் என்ற ஊக்கப்பொருள் உள்ளே போன சில மணி நேரத்துக்குச் சிறுநீரில் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகக் கால்சியம் போகிறது. குடல் உணவிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்வதும் சற்றுக் குறைகிறது. எல்லாம் சேர்த்து ஒரு கோப்பைக்கு ஏறத்தாழ 5 மி.கி. நஷ்டம். அமெரிக்காவின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் கால்சியத்தை ஆராய்ந்தவர் ராபர்ட் ஹீனி. 2002-இல் அவர் வெளியிட்ட மதிப்பாய்வில், ஒன்றிரண்டு மேசைக்கரண்டி பால் சேர்த்தாலே குடலில் ஏற்படும் இந்தக் குறை ஈடாகிவிடும் என்றார்.

இப்போது நம் டம்ளரைப் பாருங்கள். அதில் ஒன்றிரண்டு கரண்டியா பால் ஊற்றுகிறோம்? தண்ணீர் கலக்காத பால் 100 மி.லி. ஊற்றினால் அதில் சுமார் 120 மி.கி. கால்சியம் இருக்கும். உடம்பு அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால்கூட 40 மி.கி. வரவு, 5 மி.கி. செலவு. கணக்கு வரவில்தான் முடிகிறது. வெறும் காபி குடிக்கும் நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்ட எச்சரிக்கைகள் அப்படியே மொழிபெயர்க்கப்பட்டு நம் கைபேசிக்கு வருகின்றன. நம் காபியில் பாதிக்கு மேல் பால் என்பதை அவை கணக்கில் எடுப்பதே இல்லை.

பிறகு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? ஆராய்ச்சிகள் இல்லையா?

இருக்கின்றன, அவற்றை ஒதுக்கவும் கூடாது. 1994-இல் இரண்டு முக்கியமான ஆய்வுகள் வந்தன. கலிஃபோர்னியாவில் ராஞ்சோ பெர்னார்டோ என்ற ஊரில் மாதவிடாய் நின்ற 980 பெண்களைப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்கத் தினம் இரண்டு கப் காபி அளவுக்குக் குடித்தவர்களுக்கு இடுப்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி குறைந்திருந்தது. ஆனால் அவர்களிலேயே தினமும் ஒரு கிளாஸ் பாலாவது குடித்து வந்தவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. நாளுக்கு 800 மி.கி.க்குக் குறைவாகக் கால்சியம் சாப்பிட்டு, காஃபினை அதிகம் எடுத்த பெண்களுக்குத்தான் எலும்பு வேகமாகக் குறைந்தது.

2013-இல் சுவீடனிலிருந்து மிகப் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. 61,433 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நாளுக்கு நான்கு கப்பும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கு எலும்பு அடர்த்தி 2 முதல் 4 சதவீதம் வரை குறைவாக இருந்தது. ஆனால் எலும்பு முறிவு அவர்களுக்கு அதிகமாகவில்லை. எனக்கு இந்த ஆய்வின் மேல்தான் அதிக நம்பிக்கை, ஏனென்றால் நாம் கடைசியில் பயப்படுவது ஸ்கேனில் வரும் எண்ணுக்கு அல்ல, முறிவுக்குத்தான்.

ஒரு டம்ளர் பில்டர் காபியில் எவ்வளவு காஃபின் இருக்கும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 150 மி.லி. வடித்த காபியில் 80 முதல் 120 மி.கி., இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 மி.கி. என்று கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 300 மி.கி.யைத் தாண்ட வேண்டாம் என்பது அவர்கள் சொல்லும் வரம்பு.

உங்கள் வீட்டுத் தூள் எது என்பதைப் பொறுத்து இது மாறும். ரொபஸ்டா ரகக் காபிக் கொட்டையில் அராபிகா ரகத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின் இருக்கிறது. பிளாண்டேஷன் ஏ, பீபெரி என்று கேட்டு அரைத்து வாங்குபவர்கள் அதில் ரொபஸ்டா எவ்வளவு கலக்கிறார்கள் என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளலாம். முதல் டிகாக்‌ஷனில்தான் காஃபினில் பெரும்பகுதி இறங்கிவிடும்; இரண்டாவது டிகாக்‌ஷனில் போட்ட சாயங்காலக் காபி காஃபினிலும் மெலிந்ததுதான்.

சிக்கரி எலும்புக்குக் கெடுதலா?

இல்லை. சிக்கரி ஒரு செடியின் வேர், அதில் காஃபினே கிடையாது. தூளில் சிக்கரி கூடினால் ஒரு டம்ளருக்கான காஃபின் குறையும், அவ்வளவுதான். சிக்கரி கலந்த தூளை விற்கும்போது அதில் குறைந்தது 51 சதவீதமாவது காபி இருக்க வேண்டும் என்பது சட்டம். பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருப்பார்கள்.

அப்படியென்றால் எத்தனை டம்ளர் வரை குடிக்கலாம்?

பெரியவர்கள் மூன்று சின்ன டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு நாளுக்கு 200 மி.கி. காஃபின், அதாவது இரண்டு சின்ன டம்ளருக்குள். டீ குடிப்பவராக இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் என்பதால் பால், சீனி இல்லாத கறுப்புக் காபிக்கு மாறிவிட்டேன். இது சரியா?

சீனியை விட்டது நல்ல முடிவு. ஆனால் பாலையும் சேர்த்து விட்டபோது நாளுக்கு 200, 300 மி.கி. கால்சியம் சத்தமில்லாமல் போய்விட்டது. அதை வேறெங்காவது சேர்த்தாக வேண்டும். மதியம் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் சேர்த்தால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். சீனி போடாத பால் காபியும் ஒரு வழிதான். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். பாலிலும் இயற்கையாகக் கொஞ்சம் சர்க்கரை உண்டு, ஆகவே எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள்.

கொழுப்புக்குப் பயந்து பாலை விட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: கால்சியம் பாலின் ஆடையில் இல்லை. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம். கால்சியத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொழுப்பு குறைந்த பாலை வாங்குங்கள், போதும்.

தினமும் எவ்வளவு கால்சியம் வேண்டும்? சாப்பாட்டிலேயே கிடைக்குமா?

2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பெரியவர்களுக்கான அளவை 600-லிருந்து 1000 மி.கி.யாக உயர்த்தியது. பழைய அளவையே மனத்தில் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இட்லி, சாம்பார் சாதம், ரசம், நீர்மோர் என்று ஓடும் ஒரு சாதாரண நாளில் ஆயிரத்தைத் தொடுவது கடினம். அரிசியில் கால்சியம் மிகக் குறைவு. நீர்மோரில் தண்ணீர்தான் அதிகம். ஆனால் சின்னச் சின்ன மாற்றங்கள் போதும். இரண்டு டம்ளர் காபியில் தண்ணீர் கலக்காத பால் 200 மி.லி. போனால் 240 மி.கி. வந்துவிட்டது. ஒரு கிண்ணம் தயிரில் சுமார் 200. கேழ்வரகு மாவு 100 கிராமில் 350 மி.கி. அளவுக்கு இருக்கிறது, இரவு இட்லிக்குப் பதிலாக 50 கிராம் மாவில் கேழ்வரகு தோசையோ அடையோ சுட்டால் 170-க்கு மேல். எள் இன்னும் அடர்த்தியானது, 100 கிராமில் ஆயிரத்தைத் தாண்டும். இரண்டு எள்ளுருண்டையோ, எள்ளுப் பொடி கொஞ்சம் தாராளமாகவோ சேர்த்தால் இன்னொரு நூறு. முருங்கைக்கீரை பொரியல் வைத்தால் அதிலும் நூறு, நூற்றைம்பது. மீதியைப் பருப்பு, கொள்ளு, காய்கறிகள் பார்த்துக்கொள்ளும்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு நெத்திலி இருக்கிறது. முள்ளோடு மென்று சாப்பிட வேண்டும், முள்ளில்தான் கால்சியம். பெரிய மீனின் சதையில் அந்த அளவுக்குக் கிடையாது.

பசலைக்கீரையை மட்டும் இந்தக் கணக்கில் நம்ப வேண்டாம். அதில் கால்சியம் இருந்தாலும் ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, உடம்புக்குக் கிடைப்பது சொற்பம். இரும்புக்காகவும் மற்ற சத்துக்காகவும் சாப்பிடுங்கள்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது. என்ன செய்வது?

பாலில் உள்ள லாக்டோஸ் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. தயிரில் அது ஓரளவு குறைந்திருப்பதால் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. காபியில் சேரும் அளவு பாலும் பலருக்கு ஒத்துப்போகும். அதுவும் முடியாவிட்டால் மேலே சொன்ன கேழ்வரகு, எள், கீரை, நெத்திலி இருக்கவே இருக்கின்றன. சோயா பால், பாதாம் பால் வாங்கினால் கால்சியம் சேர்த்ததா என்று பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். சேர்க்காததில் அது மிகக் குறைவு.

எனக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. காபியை விட்டே ஆக வேண்டுமா?

விட வேண்டாம். ஆனால் இந்த வயதில் அளவைக் கவனிக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். எலும்பைக் காத்து வந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்ததும், முதல் ஐந்தாறு ஆண்டுகளில் எலும்பு மளமளவென்று குறைகிறது. நம் பெண்களுக்கு மாதவிடாய் பெரும்பாலும் நாற்பதுகளின் பிற்பாதியிலேயே நின்றுவிடுவதால், அந்த இழப்பும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. வயதான பெண்களில் நாளுக்கு 300 மி.கி.க்கு மேல் காஃபின் எடுத்தவர்களுக்கு முதுகெலும்பு வேகமாகக் குறைந்ததாக 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இரண்டு டம்ளர், அதிலும் பால் தாராளமாக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. காலையில் எல்லோருக்கும் சமைத்து அனுப்பிவிட்டு, தனக்கு ஒரு காபியோடு பதினொரு மணி வரை ஓட்டும் பெண்கள் எத்தனையோ பேர். காபி பசியை மட்டுப்படுத்துகிறது, டிபன் தள்ளிப்போகிறது, பிறகு மதியம் ஒரே வேளை. புரதமும் கால்சியமும் குறைவது இப்படித்தான். எலும்பில் கணிசமான பகுதி புரதம் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தக் காபியைக் குடியுங்கள், ஆனால் டிபனையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வீட்டிலிருக்கும் மற்றவர்கள், அம்மா சாப்பிட்டாளா என்று ஒரு தடவை கேளுங்கள்.

மாத்திரைகளைக் காபியோடு போடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். காபியால் எலும்புக்கு வரும் உண்மையான கேடு பல வீடுகளில் இந்த வழியாகத்தான் வருகிறது.

எலும்பு அடர்த்தி குறைவுக்கு அலென்ட்ரோனேட் என்ற மாத்திரையை மருத்துவர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றாகத் தருகிறார்கள். சாதாரணமாகவே இது குடலில் மிக மிகக் குறைவாகத்தான் ஏறும். காபியோடு போட்டால் அந்தக் கொஞ்சத்திலும் சுமார் 60 சதவீதம் குறைந்துவிடுகிறது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு முழு கிளாஸ் வெறும் தண்ணீரோடு போட வேண்டும். குறைந்தது அரை மணி நேரத்துக்குக் காபி, பால், டிபன், வேறு மாத்திரை எதுவும் கூடாது. அந்த அரை மணி நேரமும், பிறகு ஏதாவது சாப்பிடும் வரையிலும், படுக்கவும் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

தைராய்டு மாத்திரையும் இப்படித்தான். காபி அதன் உறிஞ்சலைக் குறைக்கும். மாத்திரை போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

கால்சியம் மாத்திரை இரண்டு வகை. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாக ஏறும். கால்சியம் சிட்ரேட்டை எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் போட்டால் உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ளாது, பிரித்துப் போடச் சொல்வது அதனால்தான். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கால்சியம் மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போட்டால் பலன் பெரும்பகுதி போய்விடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, டீ வேண்டாம் என்று 2024 வழிகாட்டி சொல்வதும் இரும்புச்சத்துக்காகத்தான். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதால் இதை லேசாக விட முடியாது.

முழங்கால் வலிக்கிறது. காபியை நிறுத்தினால் குறையுமா?

குறையாது. முழங்காலில் தேய்வது பெரும்பாலும் எலும்பு முனையில் உள்ள குருத்தெலும்பு. எலும்பு அடர்த்தி குறைவது வேறு நோய், அது முறிவு வரும்வரை வலிக்கவே வலிக்காது. முழங்காலுக்கு உடல் எடையும் தொடைத் தசையின் வலுவும்தான் முக்கியம். காபியில் போடும் இரண்டு கரண்டி சீனியைக் குறைத்து எடை இறங்கினால், அந்த வகையில் முழங்காலுக்கு நல்லது.

காபிக்குப் பதில் டீ, கோலா, சுக்குக் காபி?

டீயில் காஃபின் குறைவு. எலும்பைப் பொறுத்தவரை டீ குடிப்பவர்கள் மோசமாக இல்லை, சில ஆய்வுகளில் சற்று மேலாகவே இருந்திருக்கிறார்கள். காபி பிடித்தவர் அதற்காக மாற வேண்டிய அளவுக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. கோலா விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் தினமும் கோலா குடித்த பெண்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி குறைவாக இருந்தது. சுக்குக் காபியில் பெரும்பாலும் காபித் தூளே இருக்காது. கருப்பட்டியின் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காபியைவிட எலும்புக்குக் கெடுதலான பழக்கம் ஏதாவது உண்டா?

உப்பு. சிறுநீரில் சோடியம் வெளியேறும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஏறத்தாழ ஆறு கிராம் உப்புக்கு 40 மி.கி. வரை போகும் என்பது ஹீனி போன்றவர்களின் மதிப்பீடு. காபியின் 5 மி.கி.யோடு இதை வைத்துப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம், கருவாடு எல்லாம் சேர்ந்தால் ஆறு கிராமை எளிதாகத் தாண்டிவிடுவோம். புகையும் மதுவும் எலும்பை அரிப்பவை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்காக ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் எடுப்பவர்கள், எலும்பைப் பற்றி மருத்துவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும்.

நம் ஊரில் இவ்வளவு வெயில் இருக்கிறதே, வைட்டமின் டி குறையுமா?

குறைகிறது. வெயில் வெளியே இருக்கிறது, நாம் உள்ளே இருக்கிறோம். காலை ஏழு மணி வெயில் இதமானது, ஆனால் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் அதில் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் பலன் தரும். மாநிறமும் கறுப்பு நிறமும் கொண்ட தோலுக்கு இன்னும் சற்று அதிக நேரம் தேவை. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் பலன் இல்லை. வைட்டமின் டி இல்லாமல் எவ்வளவு பால் குடித்தாலும் கால்சியம் சரியாக ஏறாது. ரத்தப் பரிசோதனையில் ஒரு மி.லி.க்கு 20 நானோகிராமுக்குக் கீழே வந்தால் மருத்துவர் மாத்திரை தருவார். வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள், அளவு மிஞ்சினால் ஆபத்து.

குழந்தைகளுக்குக் காபி கொடுக்கலாமா?

வேண்டாம். எலும்பு வளர்ந்து உச்சத்தைத் தொடுவது முப்பது வயதுக்குள். அந்த வயதில் பாலின் இடத்தைக் காபி பிடிக்கக் கூடாது. தூக்கமும் கெடும்.

எலும்பு அடர்த்திப் பரிசோதனை யாருக்கு வேண்டும்?

65 வயதான பெண்கள் எல்லோருக்கும். அந்த வயதுக்கு முன்பே, மாதவிடாய் நின்றவர்களில் லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்கள், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிந்த வரலாறு உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், மிக ஒல்லியானவர்கள், உயரம் குறைந்து கூன் விழத் தொடங்கியவர்கள் எல்லோரும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். டெக்ஸா ஸ்கேன் என்று பெயர். வலி கிடையாது, படுத்திருந்தால் போதும். அந்த ஸ்கேன் தரும் அடர்த்தி எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் வந்தால் அடர்த்தி சற்றுக் குறைவு, மைனஸ் 2.5-ஓ அதற்குக் கீழேயோ என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். இலவச முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்ப்பது முதல் கட்டச் சோதனைதான். அதை வைத்து மட்டும் மருந்து தொடங்க வேண்டாம்.

இரவுக் காபிக்கும் எலும்புக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக இல்லை, சுற்றி வந்து உண்டு. காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த காபி பதினொரு மணிக்கும் பாதி இருக்கிறது. தூக்கம் கலைந்து, சிறுநீர் கழிக்க இருட்டில் எழுந்து போய், குளியலறை ஈரத்தில் வழுக்குவதுதான் வயதானவர்களின் இடுப்பு முறிவுக்குப் பின்னால் இருக்கும் வழக்கமான கதை. அவர்களுக்குக் கடைசிக் காபி நாலு மணிக்குள் முடியட்டும். படுக்கையிலிருந்து கழிவறை வரை ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும், சுவரில் பிடிக்க ஒரு கம்பி பொருத்துங்கள்.

காபியைக் குறைக்க நினைக்கிறேன். தலைவலி தாங்க முடியவில்லை.

ஒரே நாளில் நிறுத்தினால் அப்படித்தான் வரும், இரண்டு மூன்று நாள் கடுமையாக இருந்து ஒரு வாரத்துக்குள் போய்விடும். மெதுவாகக் குறைத்தால் அந்த வேதனையே வேண்டாம். டம்ளரின் அளவை மாற்றாதீர்கள். ஒவ்வொரு வாரமும் டிகாக்‌ஷனைக் கொஞ்சம் குறைத்து, அந்த அளவுக்குப் பாலைக் கூட்டுங்கள். அப்புறம் நடுப்பகல் காபியை முதலில் விடுங்கள், காலைக் காபியைக் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள்.